ரூல்புக் யாருக்காக எழுதப்பட வேண்டும்: முதல்முறை ஜிஎம்முக்கா, பழகிய ஜிஎம்முக்கா?

பகடைக்காரன்

கொஞ்ச நாளாக மனதை அரித்துக்கொண்டிருக்கும் விஷயம். நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

12 வருடமாக மேசை நடத்துகிறேன், அதாவது மற்றவர்கள் கதாபாத்திரங்களாக ஆட, கதையையும் விதிகளையும் கையாளும் கேம் மாஸ்டர் (ஜிஎம்) நான். சமீபத்தில் நண்பன் ஒருவன் தானும் ஜிஎம் ஆக வேண்டும் என்று ஆசைப்பட்டு டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ஆட்டத்தை நடத்துபவருக்கான புத்தகமான 2014 டஞ்சன் மாஸ்டர்ஸ் கைடை வாங்கினான். 320 பக்கம். ஒழுங்கான ஆள், முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படித்துக்கொண்டு போனான். அந்தப் புத்தகத்தின் முதல் அத்தியாயம் சொந்தமாக ஓர் உலகம் படைப்பது பற்றியது, இரண்டாவது அந்த உலகத்தைச் சுற்றியுள்ள மற்ற உலகங்களைப் படைப்பது பற்றியது. அதனால் இவன் இரண்டு வாரம் உட்கார்ந்து தெய்வங்களையும் அவர்களுடைய பகைகளையும் மறு உலகங்களையும் நோட்டு நிறைய எழுதினான். எழுதி முடித்துவிட்டு என்னிடம் வந்து, "சரி, முதல் நாள் எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தபிறகு நான் என்ன சொல்ல வேண்டும்?" என்று கேட்டான். ஆட்டத்தை நடத்துவது எப்படி என்பது அந்தப் புத்தகத்தில் எட்டாவது அத்தியாயம். அவன் அவ்வளவு தூரம் போகவே இல்லை.

அவன்மேல் என்ன தப்பு? புத்தகம் என்றால் முன்னாலிருந்து படிப்பதுதானே வழக்கம்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். ரூல்புக் புதியவருக்காகத்தான் எழுதப்பட வேண்டும். பழகியவர் கையில் துண்டுச்சீட்டைக் கொடுத்தாலும் மூன்று மணி நேரம் ஓட்டிவிடுவார். புதியவருக்கு அந்தப் புத்தகத்தைத் தவிர வேறு துணை இல்லை. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் வாருங்கள்.

கல்வெட்டு

நான் மாற்றுக் கருத்து.

புதியவர் எத்தனை நாள் புதியவராக இருப்பார்? மூன்று மாதம், மிஞ்சினால் ஆறு மாதம். அதற்கப்புறம் அதே புத்தகத்தை அவர் பத்து வருடம் வைத்திருக்கப்போகிறார். அந்தப் பத்து வருடமும் அவர் அதை எப்படிப் பயன்படுத்துகிறார் என்று யோசித்துப் பாருங்கள். ஐந்து பேர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், ஒருவர் எதிரியைக் கட்டிப்பிடித்துக் கீழே தள்ள வேண்டும் என்கிறார், அதற்கான விதி எங்கே இருக்கிறது என்று அரை நிமிடத்துக்குள் கண்டுபிடிக்க வேண்டும். அந்த நேரத்தில் "வாருங்கள், சண்டை என்றால் என்ன என்று பார்ப்போம்" என்று அன்பாக ஆரம்பிக்கும் நான்கு பத்தி எனக்கு எதிரி. விதி மூன்றாவது பத்தியின் நடுவில், ஓர் உதாரணக் கதைக்குள், இரண்டு கதாபாத்திரங்களின் பேச்சுக்கு இடையே ஒளிந்திருக்கும்.

2019இல் வந்த ஓல்டு ஸ்கூல் எசென்ஷியல்ஸைப் பாருங்கள். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 1981ஆம் ஆண்டு விதிகளையே எடுத்து மறுபடி அடுக்கியிருக்கிறார்கள். முடிந்தவரை ஒரு விஷயம் விரித்துவைத்த இரண்டு பக்கங்களுக்குள் முடிந்துவிடும். அதை நடுமேசையில் திறந்து போட்டுவிட்டு ஆடலாம். எனக்கு அப்படிப்பட்ட புத்தகம்தான் வேண்டும். சொல்லிக்கொடுப்பதற்குத் தனியாக ஒரு சின்னப் புத்தகம் போடட்டும், யார் வேண்டாம் என்றது?

புதுமேசை

நீங்கள் பேசிக்கொண்டிருக்கும் அந்தப் புதியவர் நான்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதுவரை எந்த மேசையிலும் உட்கார்ந்தது இல்லை. எனக்குத் தெரிந்தவர்களில் இதை ஆடுபவர் யாருமில்லை, ஆட ஆசைப்படுபவர்கள் மட்டும் மூன்று பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கு நான்தான் நடத்த வேண்டும். ஆறு வாரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

விதிகள் கஷ்டமாக இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். 20 முகப் பகடையை உருட்டி, ஓர் எண்ணைக் கூட்டி, இலக்கை எட்டுகிறதா என்று பார்ப்பதை ஒரே மாலையில் புரிந்துகொண்டேன். எனக்குப் புரியாதவை வேறு. அவர்கள் ஓர் அறைக்குள் நுழைகிறார்கள், நான் முதலில் எதைச் சொல்ல வேண்டும், எதைக் கேட்டால் மட்டும் சொல்ல வேண்டும்? பூட்டைத் திறக்கப் பகடை உருட்டித் தோற்றுவிட்டார், அப்புறம்? அந்தக் கதவுக்குப் பின்னால்தான் கதையே இருக்கிறது என்றால்? மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினால் யாரை முதலில் கேட்பது?

இந்த மாதிரி இடங்களில் எல்லாம் புத்தகம் "உங்கள் விருப்பப்படி முடிவு செய்யுங்கள்" என்று எழுதிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விடுகிறது. உங்களுக்கு அந்த வரி சுதந்திரமாகத் தெரியலாம். எனக்கு அந்த இடத்தில் பக்கம் கிழிந்துபோன மாதிரி இருக்கிறது.

இருபதுமுகம்

புதுமேசை, உங்கள் கஷ்டம் புரிகிறது, ஆனால் உண்மையைச் சொல்கிறேன், இதைப் புத்தகத்திலிருந்து கற்றுக்கொண்டவர் ரொம்பக் குறைவு. நான் என் அக்காவின் மேசையில் இரண்டு வருடம் உட்கார்ந்து பார்த்துக் கற்றேன். அக்கா வேறொருவரிடம் பார்த்துக் கற்றார். நீச்சல் மாதிரிதான் இது.

இந்த ஆட்டம் பிறந்ததே அப்படித்தான். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட முதல் பெட்டியில் மூன்று சின்னப் புத்தகங்கள் இருந்தன. சண்டைக்கு செயின்மெயில் என்ற போர் விளையாட்டின் விதிகள் உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டு எழுதினார்கள். காட்டில் அலைவதற்கு வேறொரு நிறுவனத்தின் அவுட்டோர் சர்வைவல் என்ற போர்டு கேமின் வரைபடத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். பொம்மைப் படைகளை வைத்துப் போர் விளையாட்டு ஆடியே பழகியவர்களுக்காக எழுதப்பட்டது அது. அப்படியும் பரவியது, ஏனென்றால் ஆள் ஆளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இன்றைக்குக் காணொளியும் இருக்கிறது. ரூல்புக் எல்லாவற்றையும் சுமக்க வேண்டும் என்று ஏன் எதிர்பார்க்க வேண்டும்?

வரைபடப்பிரியை

இருபதுமுகம் சொல்லும் வரலாறு சரி, ஆனால் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். மீதிப் பாதியில்தான் விஷயமே இருக்கிறது.

அந்த மூன்று புத்தகங்களைப் படித்து ஆளில்லாமல் கற்க முடியாது என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. அதனால்தான் 1977இல் எரிக் ஹோம்ஸ் என்ற மருத்துவப் பேராசிரியர் புதியவர்களுக்கென்று பேசிக் செட்டைத் தொகுத்தார், முதல் மூன்று லெவலுக்கு மட்டும். அப்புறம் 1981இல் டாம் மோல்ட்வே அதைத் திருத்தி எழுதினார், 1983இல் ஃபிராங்க் மென்ட்ஸர் இன்னொரு முறை எழுதினார். ஆறு வருடத்தில் மூன்று முறை. வாய்வழியாகக் கற்றுக்கொள்வார்கள் என்று விட்டுவிட முடியாது என்பதை அந்த ஆட்டத்தை விற்றவர்களே ஒப்புக்கொண்டதாகத்தான் இதைப் பார்க்கிறேன்.

மோல்ட்வேயின் புத்தகம் 64 பக்கம்தான். அதில் ஜிஎம் என்ன செய்ய வேண்டும் என்பது ஒரு வேலை முறையாகவே எழுதப்பட்டிருக்கிறது. நிலவறைக்குள் ஒரு டர்ன் என்றால் 10 நிமிடம். இரண்டு டர்னுக்கு ஒருமுறை ஆறுமுகப் பகடை உருட்டு, 1 விழுந்தால் அலைந்து திரியும் மான்ஸ்டர் ஏதோ வருகிறது. தீப்பந்தம் 6 டர்ன் எரியும். ஆறில் ஒரு டர்ன் ஓய்வெடுக்க வேண்டும். மான்ஸ்டரைச் சந்தித்தால் அது என்ன மனநிலையில் இருக்கிறது என்று உனக்கே தெரியாவிட்டால் இரண்டு ஆறுமுகப் பகடை உருட்டிப் பார்: 2 என்றால் உடனே பாயும், 12 என்றால் நட்பாகிவிடும், நடுவில் விழுந்தால் தயங்கும். சண்டையில் கூட்டாளி முதலில் செத்து விழும்போது மறுபடி உருட்டு, ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியும்.

புதுமேசை கேட்ட "அடுத்து நான் என்ன செய்வது" என்ற கேள்விக்கு இதில் கணத்துக்குக் கணம் பதில் இருக்கிறது. மற்றவரைப் பார்த்துக் கற்கத் தேவையில்லை.

மென்ட்ஸர் இன்னொரு வழியில் போனார். ஆட்டக்காரருக்கு ஒன்று, டிஎம்முக்கு (டஞ்சன் மாஸ்டர், அந்த ஆட்டத்தில் ஜிஎம்முக்குப் பெயர்) ஒன்று என்று இரண்டு புத்தகம். டிஎம் புத்தகத்தில் ஒரு நிலவறை வரும். முதல் தளம் முழுக்க எழுதித் தந்திருப்பார், இரண்டாம் தளத்தில் பாதி வேலை உங்களுக்கு, மூன்றாம் தளத்தை நீங்களே உருவாக்க வேண்டும். சைக்கிளின் பின்சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்து மெதுவாகக் கையை எடுப்பதைப் போல. இதைப் படித்தபோது எனக்கு நெகிழ்ந்துவிட்டது, யாரோ ஒருவர் நான் தனியாக இருப்பேன் என்று யோசித்து எழுதியிருக்கிறார்.

கல்வெட்டு

மோல்ட்வேயை இழுத்துவிட்டீர்களே. அந்த டர்ன் வரிசையை நான் இன்றைக்கும் மேசையில் திறந்து வைத்துக்கொண்டுதான் ஆடுகிறேன். அதாவது, நீங்கள் புதியவருக்கு உதவும் என்று சொல்லும் அதே பக்கம்தான் எனக்கும் உதவுகிறது. இதை யோசித்தபோது என் முதல் பதிவில் சொன்னது பாதி தப்பு என்று தோன்றுகிறது.

நான் வெறுப்பது சொல்லிக்கொடுப்பதை அல்ல போலிருக்கிறது, வழவழா கொழகொழா எழுத்தைத்தான். "எல்லோரும் மகிழ்ச்சியாக இருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்", "ஆட்டக்காரர்கள் சொல்வதைக் கவனியுங்கள்", "வளைந்துகொடுங்கள்" என்று 20 பக்கத்துக்கு ஜிஎம் அறிவுரை என்ற பெயரில் ஓர் அத்தியாயம் வருமே. எனக்கும் பயனில்லை, புதுமேசைக்கும் பயனில்லை. ஆட்டக்காரருக்கு "உன் கத்தி எட்டுமுகப் பகடை அளவு காயம் தரும்" என்று துல்லியமாக எழுதுகிறார்கள், ஜிஎம்முக்கு மட்டும் நல்லொழுக்கப் பாடம் எடுக்கிறார்கள்.

புதுமேசை

ஆமாம்! இதைத்தான் சொல்லத் தெரியாமல் இருந்தேன். "கவனியுங்கள்" என்று சொன்னால் எப்படிக் கவனிப்பது என்று தெரியாதவருக்கு என்ன கிடைக்கும்?

அச்சுக்கூடம்

ஒரு சிறிய பதிப்பகத்துக்கு ரூல்புக்குகளைத் திருத்திக்கொடுக்கும் வேலை செய்கிறேன். பெயர் வேண்டாம். உள்ளேயிருந்து பார்ப்பவர் என்ற முறையில், இந்தப் பிரச்சினை எங்கே பிறக்கிறது என்று சொல்கிறேன்.

எழுதுபவர் 15 வருடம், 20 வருடம் மேசை நடத்தியவர். அவர் யோசிக்காமலே செய்யும் காரியங்கள் அவருக்கே தெரிவதில்லை, அதனால் பக்கத்தில் ஏறுவதில்லை. சோதனை ஆட்டம் நடத்துவார்கள், ஆனால் நடத்துபவர் பெரும்பாலும் எழுதியவரே. புத்தகத்தில் இருக்கும் ஓட்டையை எல்லாம் அவர் வாயால் அடைத்துவிடுகிறார், எல்லோரும் நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

ஒருமுறை நான் பிடிவாதம் பிடித்து, எழுத்தாளருக்கு அறிமுகமே இல்லாத ஒருவரிடம் மெய்ப்புப் பிரதியைக் கொடுத்து நடத்தச் சொன்னேன். நாங்கள் இருவரும் மூலையில் உட்கார்ந்திருந்தோம், வாயைத் திறக்கக்கூடாது என்பது நிபந்தனை. அவர் முதல் அறையை அழகாக வருணித்தார். முடித்துவிட்டு நிறுத்தினார். ஆட்டக்காரர்கள் அவரைப் பார்த்தார்கள், அவர் ஆட்டக்காரர்களைப் பார்த்தார், அப்புறம் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தார். எனக்கு அங்கேயே உறைத்தது. அறையை வருணித்து முடித்தவுடன் "நீங்கள் என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்பது ஜிஎம்மின் வேலை என்பதை 200 பக்கத்தில் எங்குமே நாங்கள் எழுதவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எழுத்தாளர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அப்புறம் பக்கக் கணக்கு. அச்சில் ஒரு ஃபாரம் 16 பக்கம் என்று போட்டால், கூடுதலாக ஐந்து பக்கம் வேண்டுமென்றாலும் 16 பக்கத்துக்குச் செலவு, இல்லையென்றால் வேறெதையாவது வெட்ட வேண்டும். வெட்டு என்று வரும்போது யாரும் மான்ஸ்டரை வெட்ட மாட்டார்கள், உலக வரலாற்றை வெட்ட மாட்டார்கள். வாங்கி வைத்துப் படித்து ரசிக்கிறவர்களுக்கு அதுதான் பிடிக்கும். ஆட்ட உதாரணமும் சொல்லடைவும் (இன்டெக்ஸ்)தான் முதலில் போகும். சொல்லடைவை வெட்டினால் கல்வெட்டுக்கு நஷ்டம், உதாரணத்தை வெட்டினால் புதுமேசைக்கு நஷ்டம். நீங்கள் இருவரும் எதிரெதிர்க் கட்சி இல்லை, இரண்டு பேரும் ஒரே வெட்டில் அடிபடுகிறவர்கள்.

இருபதுமுகம்

அந்த மூலையில் உட்கார்ந்த கதையைப் படித்தபிறகு என் நீச்சல் உவமையை எடுத்துக்கொள்கிறேன். அக்கா மேசையில் எனக்குக் கிடைத்தது அந்த ஒரு கேள்விதான், "நீ என்ன செய்கிறாய்?" அதை எழுத முடியாது என்று ஏன் நினைத்தேன் என்று தெரியவில்லை.

ஆனால் "பழகிய ஜிஎம்" என்று ஓர் ஆள் உண்மையிலேயே இருக்கிறாரா என்று கேட்க வேண்டும். 2010இல் அபோகலிப்ஸ் வேர்ல்டு என்ற ஆட்டம் வந்தது, வின்சென்ட் பேக்கரும் மெகே பேக்கரும் எழுதியது. அதில் ஜிஎம்முக்கான பகுதி அறிவுரை இல்லை, விதி. உன் நோக்கம் இவை, நீ பின்பற்ற வேண்டிய கொள்கைகள் இவை, உன் முறை வரும்போது செய்யக்கூடிய நகர்வுகள் இவை என்று பட்டியலே இருக்கும். அதில் நடத்துபவர் பகடையைத் தொடுவதே இல்லை, உருட்டுவதெல்லாம் ஆட்டக்காரர்கள்.

நான் அதை நடத்தியபோது பத்து வருட அனுபவசாலி. அந்த அத்தியாயத்தைப் படிக்காமல் தாண்டினேன், எனக்கு எதற்கு என்று. வழக்கம்போல மான்ஸ்டருக்காகப் பகடையை உருட்டினேன், முன்கூட்டியே கதை எழுதி வைத்துக்கொண்டு போனேன், ஆட்டம் இரண்டு செஷனில் செத்துவிட்டது. ஆட்டக்காரர்களில் அதுவரை எதையுமே ஆடாத ஒரு பெண் இருந்தார், அவர் அப்புறம் புத்தகத்தை வாங்கிப் படித்துவிட்டு அதில் எழுதியிருந்தபடியே நடத்தினார். அருமையாக இருந்தது. அங்கே யார் புதியவர்?

கால் ஆஃப் கதுல்ஹு என்ற திகில் ஆட்டத்திலும் இதேதான். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸிலிருந்து அங்கே போகிறவர் அறைக்கு ஒரு சண்டை வைப்பார், துப்பறிய வந்த நான்கு பேரும் முதல் மாலையிலேயே செத்துப்போவார்கள். ஏழாம் பதிப்பில் தோற்ற உருட்டலை ஆட்டக்காரர் இன்னொரு முறை முயலலாம், ஆனால் மறுபடி தோற்றால் இன்னும் மோசமாக ஏதாவது நடக்கும் என்பது நிபந்தனை. புதுமேசை கேட்ட பூட்டுக் கேள்விக்கு இது நேரடியான பதில். வேறு ஆட்டத்தில் பழகியவர் இதை மறந்துவிடுகிறார், "தோற்றால் தோற்றதுதான்" என்பது கையிலேயே ஊறிப்போயிருக்கிறது.

நடுநிசிமேசை

எல்லோரும் ஒரே பக்கம் சாய்வதால் எதிர்ப்பக்கம் கொஞ்சம் நிற்கிறேன்.

டர்ன், தீப்பந்தம், இரண்டு டர்னுக்கு ஒரு பகடை, இதெல்லாம் நிலவறைக்கு அழகாகப் பொருந்தும். என் ஆட்டம் அரண்மனைச் சூழ்ச்சி. கதவு கிடையாது, பொறி கிடையாது, மூன்று மணி நேரமும் பேச்சுதான். அங்கே வேலை முறை என்று எதை எழுதுவீர்கள்? இன்னொன்று, முறை முறை என்று எழுதிக்கொண்டே போனால் புதியவர் வரிசையை விட்டு நகரப் பயப்படுவார். நான் முதல் வருடம் முழுக்க அப்படித்தான் இருந்தேன். ஓர் ஆட்டக்காரர் ரூல்ஸ் வக்கீலாக மாறி ஒவ்வொரு தடவையும் பக்க எண் கேட்டார், நான் நடுங்கிக்கொண்டே புரட்டினேன். அந்த நேரத்தில் "உங்கள் விருப்பப்படி முடிவு செய்யுங்கள்" என்ற வரி ஒன்றுதான் என்னைக் காப்பாற்றியது. அந்த வரியை எடுத்துவிடாதீர்கள்.

வரைபடப்பிரியை

பேச்சு ஆட்டத்துக்கும் முறை உண்டு. 2017இல் வந்த பிளேட்ஸ் இன் தி டார்க் என்ற ஆட்டத்தில் கடிகாரம் என்று ஒன்று இருக்கிறது. ஒரு வட்டத்தை வரைந்து 4, 6 அல்லது 8 துண்டாகப் பிரிக்க வேண்டும். "தளபதிக்குச் சந்தேகம் வருகிறது" என்று பெயர் வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டக்காரர்கள் சறுக்கும் ஒவ்வொரு முறையும் துண்டுகளை நிரப்ப வேண்டும், நிறைந்தால் தளபதி படையுடன் வருகிறார். அரண்மனைக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரிந்து இல்லை.

ரூல்ஸ் வக்கீல் விஷயத்தில் உங்களோடு உடன்படுகிறேன். ஆனால் அந்த வரி தனியாக நிற்கக்கூடாது, கூடவே ஒரு வழியும் வர வேண்டும். "விதி கிடைக்கவில்லையா? தீர்ப்பு ஒன்று சொல்லிவிடு, செஷன் முடிந்தபிறகு சரிபார்த்துக்கொள்வோம் என்று எல்லோரிடமும் சொல், தொடர்ந்து ஆடு" என்று எழுதியிருந்தால் அந்த முதல் வருடம் உங்களுக்கு அவ்வளவு நடுக்கம் இருந்திருக்காது.

பகடைக்காரன்

ஆரம்பித்தவன் என்ற முறையில் வருகிறேன். என் முதல் பதிவின் கேள்வியே சரியாக இல்லை என்று இப்போது நினைக்கிறேன், ஆனால் ஒன்றை மட்டும் விடமாட்டேன், அது வரிசை.

பிரித்துப் போடுங்கள், புதியவருக்கு ஸ்டார்ட்டர் செட், பழகியவருக்குப் பெரிய புத்தகம் என்று கல்வெட்டு சொன்னார். 2014 ஸ்டார்ட்டர் செட் அப்படித்தான், 32 பக்க விதி, 64 பக்க சாகசம். அதில் எனக்கு மிகவும் பிடித்த ஓர் இடம் உண்டு. முதல் சண்டை காப்ளின்கள் என்ற குட்டி மான்ஸ்டர்கள் பதுங்கியிருந்து தாக்குவது. முதல் லெவல் கதாபாத்திரங்கள் அதில் அடிபட்டு விழுவது சகஜம். ஒருவேளை காப்ளின்கள் ஜெயித்துவிட்டால் என்ன ஆகும் என்று அங்கேயே எழுதியிருக்கிறார்கள்: மயங்கிக் கிடப்பவர்களை அப்படியே விட்டுவிட்டு, பொருளைக் கொள்ளையடித்துக்கொண்டு தங்கள் குகைக்குப் போய்விடும். ஒரே வாக்கியம்தான். முதல்முறை நடத்துபவர் "எல்லோரும் செத்துவிட்டார்கள், இனி என்ன" என்று திகைத்து நிற்கும் இடத்தில் அந்த வாக்கியம் கையைப் பிடிக்கிறது, ஆட்டமும் தொடர்கிறது.

ஆனால் அந்த செட்டை முடித்துவிட்டு அவர் அடுத்து எங்கே போகிறார்? என் நண்பன் விழுந்த அதே 320 பக்கத்துக்கு. 2024இல் அந்தப் புத்தகத்தை மாற்றி எழுதியபோது அடிப்படை முதல் அத்தியாயம், ஆட்டத்தை நடத்துவது இரண்டாவது, மற்ற உலகங்கள் ஆறாவது என்று அடுக்கிவிட்டார்கள். அவ்வளவுதான் நான் கேட்டது. பத்து வருடம் ஆகியிருக்கிறது. பழகியவர் எப்படியும் சொல்லடைவு பார்த்துத் திறப்பவர், அவருக்கு எந்த அத்தியாயம் எங்கே இருந்தாலும் ஒன்றுதான். வரிசை முழுக்க முழுக்கப் புதியவருக்குச் சொந்தமானது. இதில் பங்கு கேட்காதீர்கள்.

கல்வெட்டு

வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தின் உள்ளே எப்படி அடுக்குவது என்பதை எனக்கு விட்டுவிடுங்கள்.

அச்சுக்கூடம்

சொல்லடைவு பற்றி ஒரு வார்த்தை. மாட்டிக்கொண்டவர் மனதில் தோன்றும் சொல்லில் அது இருக்க வேண்டும். "கூரையிலிருந்து குதித்தால்" என்று தேடுபவர் "சுற்றுச்சூழல் பாதிப்பு" என்ற தலைப்பின் கீழ் தேட மாட்டார். "விழுதல்" என்றும் போடு, "குதித்தல்" என்றும் போடு, இரண்டிலும் பக்க எண்ணையே போடு. இன்னொரு சொல்லைக் காட்டி "அங்கே பார்க்க" என்று துரத்தாதே.

புதுமேசை

சரி, நான் என்ன செய்யட்டும்? மூன்று பேரும் காத்திருக்கிறார்கள்.

கல்வெட்டு

ஐந்து அறை போதும். ஒரு தாளில் படம் வரைந்துகொள்ளுங்கள். ஒவ்வோர் அறைக்கும் மூன்று வரி: நுழைந்தவுடன் கண்ணில் படுவது, தேடினால் கிடைப்பது, உள்ளே இருப்பவருக்கு என்ன வேண்டும். இந்த மூன்றாவது வரிதான் முக்கியம், அதை விட்டுவிடாதீர்கள். மோல்ட்வேயின் டர்ன் வரிசையையும் இரண்டு பகடை மனநிலை அட்டவணையையும் கையால் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தெய்வங்களைப் பற்றி ஒரு வரிகூட எழுத வேண்டாம்.

இருபதுமுகம்

அறையைச் சொல்லி முடித்தவுடன் "நீங்கள் என்ன செய்கிறீர்கள்?" ஒவ்வொரு முறையும். பேசாமல் இருப்பவரைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

புதுமேசை

நேற்று நடத்தினேன்!! மூன்று மணி நேரம் போனதே தெரியவில்லை.

அந்த அட்டவணையை நான்கு முறை உருட்டினேன். இரண்டாவது அறையில் காப்ளின்கள் இருந்தன, சண்டைதான் வரும் என்று நினைத்துத் தயாராக இருந்தேன், பகடையில் 10 விழுந்தது. தாக்காது, பேரம் பேசலாம். என்ன பேரம் என்று ஒரு நொடி முழித்தேன், அப்புறம் கல்வெட்டு சொன்ன மூன்றாவது வரியைப் பார்த்தேன், "இருட்டுக்குப் பயம், வெளிச்சம் வேண்டும்" என்று எழுதியிருந்தேன். இரண்டு தீப்பந்தம் கொடுத்தால் வழிவிடுவதாகச் சொல்லவைத்தேன். அவர்கள் கொடுத்தார்கள், கொடுத்துவிட்டு மூன்றாவது அறையில் வெளிச்சம் தீர்ந்துபோய் மாட்டிக்கொண்டார்கள். நான் எதையும் திட்டமிடவில்லை. அந்த மூன்று பேரும் இன்னும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

ஓர் இடத்தில் திணறினேன். ஒருவர் மட்டும் தனியாக இடதுபக்கப் பாதையில் போனார், மற்ற இருவர் வலதுபக்கம். நான் இடதுபக்கம் போனவருடனேயே பேசிக்கொண்டிருந்துவிட்டேன், மற்ற இருவரும் 20 நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தார்கள், ஒருவர் முகமே வாடிவிட்டது. எனக்கு ரொம்பச் சங்கடமாக இருந்தது. இதற்கு எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்?

கல்வெட்டு

முதலில், பிரமாதம். அடுத்து, என் அலமாரியில் இருக்கும் பழைய புத்தகங்களில் இதற்குப் பக்கம் இல்லை, இப்போதுதான் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். நான் செய்வதைச் சொல்கிறேன். ஒரு பக்கம் ஏதாவது முடிவெடுக்க வேண்டிய கட்டம் வந்தவுடன் அங்கேயே நிறுத்திவிட்டு மறுபக்கம் போய்விடுவேன். "கதவைத் திறக்கிறாயா? யோசி, அதற்குள் அங்கே என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டு வருகிறேன்." காத்திருப்பவருக்கு யோசிக்க ஏதோ ஒன்று இருக்கும். இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, எத்தனையோ பேரைச் சலிக்கவைத்த பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

அச்சுக்கூடம்

கல்வெட்டு, இதை அப்படியே நான்கு வரியாக எழுதி எனக்கு அனுப்ப முடியுமா? கையில் ஒரு மெய்ப்பு இருக்கிறது, "குழு பிரிந்தால்" என்ற தலைப்புக்குக் கீழே இப்போதைக்கு "உங்கள் விருப்பப்படி முடிவு செய்யுங்கள்" என்றுதான் இருக்கிறது.

கல்வெட்டு

இன்று இரவு அனுப்புகிறேன். ஆனால் புதுமேசை அதை முதலில் படிக்கட்டும். அவருக்குப் புரியாத வரியை எடுத்துவிடுங்கள்.

புதுமேசை

அடுத்த செஷன் வெள்ளிக்கிழமை. அதற்குள் வந்தால் மேசையில் வைத்து நடத்திப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். எப்படியும் மறுபடி பிரிந்துதான் போவார்கள், அந்த இடதுபக்கப் பாதையில் என்ன இருக்கிறது என்று இன்னும் முழுதாகப் பார்க்கவில்லை.